பொண்ணுக்கு ஹெச்பிவி ஊசி போடணும்னா: எப்ப, எங்க, எவ்வளவு, வீட்ல எப்படிப் பேசறது

ஹெச்பிவி ஊசின்னா கர்ப்பப்பை வாய் கேன்சர் வராம தடுக்கற ஊசி. முதல்ல பொண்ணோட வயசைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். 9 வயசு ஆயிடுச்சு, 15வது பிறந்தநாள் இன்னும் வரலன்னா நீங்க சரியான நேரத்துல இருக்கீங்க, ரெண்டு ஊசியோட வேலை முடிஞ்சுது, நடுவுல ஆறு மாச இடைவெளி. 15 தாண்டிட்டா தனியார் டாக்டருங்க மூணு ஊசி போடுவாங்க, இன்னைக்கு ஒண்ணு, ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. செலவு கூடுதுன்றது ஒரு பக்கம், அதைவிட முக்கியம் சின்ன வயசு உடம்பு இந்த ஊசிக்கு நல்லா எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும், அதனாலதான் அவங்களுக்கு குறைச்ச ஊசியே போதுமா இருக்கு. "இப்ப என்ன அவசரம், காலேஜ் சேரட்டும் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடறவங்கதான் நான் பாத்தவரைக்கும் நிறைய பேர், ஆனா இது வைரஸ் உள்ள வர்றதுக்கு முன்னாடி போடற ஊசி, வந்துட்ட வைரஸை விரட்டாது. அஞ்சாவது ஆறாவது படிக்கும்போதே போட்டு முடிச்சிடுங்க.

எதுக்கு இந்த ஊசின்றதை நீட்டி முழக்காம சொல்லிடறேன். கர்ப்பப்பை வாய் கேன்சர் கிட்டத்தட்ட எல்லாமே ஹெச்பிவின்ற வைரஸால வர்றதுதான், அதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜெர்மனி டாக்டர் ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல நோபல் பரிசு குடுத்தாங்க. இந்த வைரஸ்ல 200க்கு மேல வகை இருக்கு, பெரும்பாலானது ஒண்ணும் பண்ணாது, ஆனா 16, 18ன்ற ரெண்டு வகை மட்டுமே உலகத்துல இந்த கேன்சர்ல சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம், நம்ம நாட்டுல அதோட பங்கு இன்னும் அதிகம். உடலுறவு மூலமா பரவுது, பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்துட்டு தெரியாமலே போயிடும், உடம்பே ஒண்ணு ரெண்டு வருஷத்துல தொரத்திடும். தொரத்த முடியாம தங்கிடுச்சுன்னாதான் வில்லங்கம், 15, 20 வருஷம் சத்தமே இல்லாம இருந்து மெல்ல கேன்சரா மாறும். அதனாலதான் 12 வயசுல போட்ட ஊசியோட பலன் 35, 40 வயசுலதான் தெரியும், அதனாலதான் வீட்ல இதோட அவசரமும் யாருக்கும் புரிய மாட்டேங்குது. இந்தியாவுல 2022 கணக்குப்படி ஒரே வருஷத்துல 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு மேல இந்த கேன்சர் வந்திருக்கு, கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் இறந்திருக்காங்க.

எந்த ஊசி, எவ்வளவு ஆகும்

டாக்டர்கிட்ட போனா மூணு பிராண்ட் காதுல விழும். செர்வாவாக், கார்டாசில், கார்டாசில் 9. செர்வாவாக் புனேல இருக்கற சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பு, 2022 ஜூலைல அனுமதி கிடைச்சு 2023 ஜனவரில வெளிய வந்துச்சு. கார்டாசில் ரெண்டும் வெளிநாட்டு கம்பெனி எம்எஸ்டியோடது. செர்வாவாக்கும் சாதா கார்டாசிலும் நாலு வகையைத் தடுக்கும், 6, 11, 16, 18. இதுல 16, 18 கேன்சர் வகை, 6, 11 பிறப்புறுப்புல மரு வர்ற வகை. கார்டாசில் 9 பேர்லயே இருக்கற மாதிரி ஒம்போது வகை, மேல சொன்ன நாலோட இன்னும் அஞ்சு கேன்சர் வகை சேரும்.

விலை பாத்தீங்கன்னா செர்வாவாக் ஒரு டோஸ் ரெண்டாயிரம் ரூபாய் சுத்தி, கார்டாசில் நாலாயிரம் பக்கம், கார்டாசில் 9 பத்தாயிரத்தைத் தாண்டிடும். ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், டாக்டர் பீஸ் தனி, அதனால போறதுக்கு முன்னாடி போன்லயே கேட்டுடுங்க, எந்த பிராண்ட் ஸ்டாக் இருக்கு, மொத்தம் எவ்வளவு ஆகும்னு. சில இடத்துல நாம கேக்கலன்னா நேரா விலை கூடினதைத்தான் எடுத்து வைப்பாங்க, "எல்லாத்தையும் தடுக்கும்மா"ன்னு. காசு பிரச்சனை இல்லன்னா ஒம்போது வகை ஊசி போடுங்க, தாராளமா, நல்ல ஊசிதான். ஆனா அதுக்காக "காசு சேரட்டும், அடுத்த வருஷம் பெருசா போட்டுடலாம்"னு பொண்ணை காக்க வைக்காதீங்க. கேன்சரை அதிகமா உண்டாக்கற 16, 18 ரெண்டும் மூணு ஊசிலயும் இருக்கு. இன்னைக்கு கையில போட்ட செர்வாவாக், அடுத்த வருஷம் போடப்போற கார்டாசில் 9ஐ விட மேல்னுதான் நான் சொல்லுவேன்.

ஆரம்பிச்ச பிராண்ட்லயே முடிக்கறது நல்லது. முதல் ஊசி எந்த பிராண்ட்னு தெரியலன்னா, இல்ல அது கிடைக்கவே இல்லன்னா, கிடைக்கற ஹெச்பிவி ஊசியை வச்சு முடிச்சிடலாம், பாதில விடறதுதான் தப்பு.

ஒண்ணா, ரெண்டா, மூணா

இதுலதான் எல்லாரும் குழம்பிப் போறாங்க, ஒரு டாக்டர் ரெண்டுங்கறார், டிவில ஒண்ணு போதும்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு மூணு போட்டாங்க. மூணு பேரும் பொய் சொல்லல. ஊசி கம்பெனி லேபிள்ல இருக்கற கணக்கு 9ல இருந்து 14 வயசுக்கு ரெண்டு, 15லயிருந்து மூணு, குழந்தை டாக்டருங்களும் அதையேதான் பின்பத்தறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பர்ல கொஞ்சம் இறங்கி வந்துச்சு, 9ல இருந்து 20 வயசு வரைக்கும் ஒண்ணோ ரெண்டோ போதும், 21க்கு மேல ஆறு மாச இடைவெளியில ரெண்டு, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு, அதாவது ஹெச்ஐவி இருக்கறவங்க மாதிரி ஆளுங்களுக்கு, குறைஞ்சது ரெண்டு, முடிஞ்சா மூணுன்னு. அரசாங்கம் லட்சக்கணக்குல போடும்போது ஒரு டோஸ் கணக்கு பிடிக்கறதுக்கு இதுதான் காரணம்.

இந்த ஒரு டோஸ் கணக்குக்குப் பின்னாடி நம்ம ஊர் கதை ஒண்ணு இருக்கு. 2009ல இந்தியாவுல பல ஊர்ல ரெண்டு டோஸா மூணு டோஸான்னு ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருக்கற அம்பிளிக்கையும் அதுல ஒரு இடம். 2010 ஏப்ரல்ல அரசாங்கம் ஹெச்பிவி ஊசி ஆய்வையெல்லாம் நிறுத்தச் சொல்லிடுச்சு (ஏன்னு கீழ சொல்றேன்), அதனால நிறைய பொண்ணுங்க ஒரே ஒரு ஊசியோட நின்னுட்டாங்க. ஆய்வு போச்சுன்னு விடாம அந்தப் பொண்ணுங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, பாத்தா ஒரு ஊசி போட்டவங்களுக்கும் 16, 18 வகை வைரஸ் உடம்புல தங்கறது சுமார் 95 சதவீதம் தடுக்கப்பட்டிருக்கு, மூணு போட்டவங்களுக்கு ஆன மாதிரியே. 2021ல அந்த முடிவு வெளிய வந்துச்சு. உலகம் ஒரு டோஸுக்கு இறங்கி வந்ததுல அதுக்கும் பங்கு உண்டு.

சரி நாம என்ன பண்றது? காசு குடுத்து தனியார்ல போடறீங்கன்னா டாக்டர் சொல்ற கணக்கை முழுசா முடிங்க. அரசு திட்டத்துல ஒண்ணு போட்டாங்கன்னா "அரைகுறையா விட்டுட்டாங்க"ன்னு பதறாதீங்க. ரெண்டாவது ஊசிக்கு வழியே இல்லன்ற நெலமைல முதல் ஊசியையும் போடாம விடறது மட்டும் வேண்டாம்.

இலவசமா கிடைக்குமா

அரசு பக்கம் 14 வயசுப் பொண்ணுங்களை வச்சுத்தான் திட்டம் போகுது. 2025 மார்ச்ல தமிழ்நாடு பட்ஜெட்ல 14 வயசு சிறுமிகளுக்கு படிப்படியா இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. உங்க ஊருக்கு வந்திருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, கிராமத்துல இருந்தா நர்சம்மாகிட்டயே கேட்டுடலாம், அவங்களுக்குத்தான் எந்த ஸ்கூலுக்கு என்னைக்குன்றது முதல்ல தெரியும். நாட்டுலயே மாநிலம் முழுக்க இதை நல்லா செஞ்சு காட்டினது சிக்கிம், 2018ல ஸ்கூல்ல வச்சே போட்டு கிட்டத்தட்ட எல்லா பொண்ணுங்களையும் சேத்துட்டாங்க. இலங்கையில 2017ல இருந்தே ஆறாம் வகுப்புப் பொண்ணுங்களுக்கு ஸ்கூல்ல இலவசமா போடறாங்க, அங்க சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, அது அங்க ரொம்ப சாதாரண விஷயம்.

ஸ்கூல்ல இருந்து சம்மதப் படிவம் வந்தா பையிலயே கசங்கிக் கிடக்க விடாதீங்க, படிச்சுட்டு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஏற்கனவே வெளிய ஒரு ஊசி போட்டிருந்தா அதையும், அலர்ஜி ஏதாவது இருந்தா அதையும் அதுலயே எழுதுங்க. பொண்ணுக்கு 11 வயசுதான், 14 ஆகறவரை இலவசத்துக்குக் காத்திருக்கலாமான்னு கேட்டா, ரெண்டாயிரம் மூவாயிரம் புரட்ட முடியற வீடுன்னா இப்பவே போடுங்க, முடியலன்னா காத்திருக்கறதுல பெரிய தப்பில்ல, ஆனா 14 ஆகும்போது மறந்துடக் கூடாது.

வீட்ல பேசறது

ஊசி போடற வேலை ரெண்டு நிமிஷம். வீட்ல பேசறதுதான் மாசக்கணக்குல இழுக்கும். "பத்து வயசுப் பிள்ளைக்கு எதுக்குடி அந்த மாதிரி ஊசி"ன்னு பாட்டி ஆரம்பிப்பாங்க, அப்பா பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுப்பார். பாலியல்ன்ற வார்த்தை வந்த உடனே நம்ம வீட்ல எல்லாரும் ஊமையாயிடுவோம், அதுல ஊசி அடிபட்டுப் போகும்.

எனக்குத் தெரிஞ்சு நல்லா வேலை செய்யற பதில் ஒண்ணு இருக்கு. மஞ்சள் காமாலை பி, அதாவது ஹெப்படைட்டிஸ் பி, அதுவும் ரத்தம் மூலமாவும் உடலுறவு மூலமாவும் பரவற வைரஸ்தான், அதுவும் கல்லீரல் கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். அதுக்கான ஊசியை குழந்தை பொறந்த அன்னைக்கே ஆஸ்பத்திரில போடறாங்க. "பச்சப் புள்ளைக்கு எதுக்கு இது"ன்னு இதுவரைக்கும் எந்தப் பாட்டியும் கேட்டதில்ல. ஹெச்பிவியும் அதே மாதிரி ஒரு தடுப்பூசி, அவ்வளவுதான், பேரு புதுசு.

"எங்க பொண்ணு அப்படியெல்லாம் போக மாட்டா"ன்னு ஒரு பேச்சு வரும். போக வேணாம். கல்யாணம் ஆகி ஒரே ஒருத்தரோட வாழற பொண்ணுக்கும் இது வரும், ஏன்னா அந்த ஒருத்தருக்கு அதுக்கு முன்னாடியே வைரஸ் இருந்திருக்கலாம், அவருக்கே தெரியாது, ஆம்பளைங்களுக்கு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இதை பொண்ணோட ஒழுக்கத்தோட முடிச்சுப் போடறதே அபத்தம், அப்படிப் பேசறவங்ககிட்ட சண்டை போடாம இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிட்டு நிறுத்திடுங்க. இந்த ஊசி போட்டா பிள்ளைங்க கெட்டுப் போயிடுவாங்கன்ற பயத்தையும் பல நாட்டுல ஆய்வு பண்ணிப் பாத்துட்டாங்க, அப்படி எதுவும் நடக்கல.

அப்பாக்களை வழிக்குக் கொண்டு வர கேன்சர்ன்ற வார்த்தையை முதல்ல சொல்லுங்க, வைரஸ் எப்படிப் பரவுதுன்றதை கடைசில வச்சுக்கங்க. "கேன்சருக்கு தடுப்பூசி இருக்கு, ரெண்டு டோஸ், வர்ற சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்"னு முடிவாவே சொன்னா பெரும்பாலும் சரின்னுடுவாங்க. அனுமதி கேக்கற மாதிரி ஆரம்பிச்சாதான் குடும்பமே கூடி உக்காந்து விவாதம் பண்ணும்.

பொண்ணுகிட்ட மறைக்காதீங்க, சத்து ஊசின்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறதும் வேண்டாம். ஒம்போது பத்து வயசுன்னா "பெரியவளானதும் கர்ப்பப்பைல ஒரு கேன்சர் வராம இருக்க இந்த ஊசி, இன்னொண்ணு ஆறு மாசம் கழிச்சு"ன்னா போதும். 13, 14 வயசுப் பொண்ணு கேள்வி கேப்பா, அவளுக்கு எப்படிப் பரவுதுன்னும் நேராச் சொல்லிடுங்க, நாம சொல்லலன்னா போன்ல தேடி அதுல வர்ற கண்டதையும் படிப்பா. வயசுக்கு வர்றதுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்ல, வந்திருந்தாலும் வரலன்னாலும் போடலாம், பீரியட்ஸ் நாள்லயும் போடலாம்.

பையன் இருந்தா? செர்வாவாக்கை 9ல இருந்து 26 வயசு வரைக்கும் பசங்களுக்கும் போட அனுமதி இருக்கு, மரு, ஆசனவாய் கேன்சர் இதெல்லாம் அவங்களுக்கும் வரக்கூடியது, ஆஸ்திரேலியாவுல 2013ல இருந்து பசங்களுக்கும் போடறாங்க. கையில காசு இருக்கறவங்க போடலாம், ஒரு பிள்ளைக்குத்தான் முடியும்னா பொண்ணுக்கு முதல்ல.

வாட்ஸ்அப்ல வர்றது

"இந்த ஊசி போட்டா குழந்தை பொறக்காது"ன்னு ஒரு மெசேஜ் கண்டிப்பா வரும். இது ஒண்ணும் புதுசில்ல, 2017ல தட்டம்மை ரூபெல்லா ஊசி ஸ்கூல்ல போட வந்தப்பவும் தமிழ்நாடு பூரா இப்படித்தான் வதந்தி ஓடி நிறைய பேர் பிள்ளையை லீவு போட வச்சாங்க. ஹெச்பிவி ஊசி 2006ல இருந்து உலகத்துல புழக்கத்துல இருக்கு, கோடிக்கணக்குல போட்டிருக்காங்க, குழந்தையின்மைக்கும் இதுக்கும் தொடர்பு இல்லன்னு உலக சுகாதார நிறுவனத்தோட பாதுகாப்புக் குழு பாத்துச் சொல்லியிருக்கு. அந்த ஊசில உயிருள்ள வைரஸே கிடையாது, வைரஸோட வெளி ஓடு மாதிரி ஒரு புரதத்தை மட்டும் செஞ்சு வச்சிருக்காங்க, உள்ள சரக்கு எதுவும் இல்ல, அதனால ஊசியால ஹெச்பிவி வராது. உண்மையில குழந்தைக்கு ஆபத்து கேன்சர் பக்கம்தான், வந்துட்டா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும்.

அடுத்தது "ஆந்திராவுல ஊசி போட்டு பொண்ணுங்க செத்தாங்க"ன்றது. இதை ஒரேயடியா பொய்னு ஒதுக்க முடியாது, பாதி கதை. 2009ல ஆந்திராவுல கம்மம், குஜராத்துல வடோதரா ரெண்டு இடத்துலயும் பாத் (PATH)ன்ற அமெரிக்க தொண்டு அமைப்பு ஹெச்பிவி ஊசித் திட்டம் நடத்துச்சு, அப்ப ஊசி போட்டவங்கள்ல ஏழு பொண்ணுங்க இறந்தாங்க. விசாரணையில பாம்புக் கடி, தண்ணில மூழ்கினது, பூச்சி மருந்து, மலேரியா இப்படித்தான் காரணம் வந்துச்சு, ஊசியோட தொடர்பு கிடைக்கல. ஆனா அந்தத் திட்டத்துல அப்பா அம்மாகிட்ட ஒழுங்கா சம்மதம் வாங்கல, ஹாஸ்டல் வார்டனே கையெழுத்துப் போட்ட கேஸ் எல்லாம் இருந்துச்சு, பாராளுமன்றக் குழு 2013ல அதைக் கடுமையா கண்டிச்சுது. அந்தக் கோபம் நியாயமான கோபம். மேல சொன்ன அம்பிளிக்கை ஆய்வும் இந்தக் களேபரத்துலதான் நின்னுச்சு. இன்னைக்கு சம்மதப் படிவம் உங்க கைக்கு வருதுன்னா படிச்சுக் கேள்வி கேக்கற உரிமையும் உங்களுக்கு இருக்கு, கேளுங்க.

ஜப்பான்ல தடை பண்ணிட்டாங்கன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுங்க. தடை இல்ல, பக்க விளைவு பயத்துல 2013ல அரசு பரிந்துரை பண்றதை நிறுத்தி வச்சுது, ஆராய்ஞ்சு பாத்துட்டு 2022 ஏப்ரல்ல திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுல அந்த ஒம்போது வருஷமும் ஊசி வயசுல இருந்த பொண்ணுங்க பெரும்பாலும் ஊசி இல்லாம வளந்துட்டாங்க, அப்புறம் அவங்களைத் தனியா கூப்பிட்டுப் போட வேண்டியதா போச்சு.

ஊசி போடற அன்னைக்கு

வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகாதீங்க, நாலு இட்லியாவது சாப்பிட வச்சு தண்ணி குடிக்க வச்சுக் கூட்டிட்டுப் போங்க. இந்த வயசுப் பிள்ளைங்க ஊசின்னாலே சில பேர் மயங்கி விழுவாங்க, மருந்தால இல்ல, பயத்தாலதான், அதனால உக்கார வச்சோ படுக்க வச்சோ போடச் சொல்லுங்க, போட்டப்புறம் 15 நிமிஷம் அங்கயே உக்காந்திருங்க, அவசரமா பைக்ல ஏத்தாதீங்க. தோள்பட்டைலதான் போடுவாங்க, டைட்டான கை வச்ச சுடிதார் போட்டுட்டுப் போனா அங்க போய் திண்டாடணும். எழுதாத கையில போடச் சொல்லுங்க, ரெண்டு நாள் வலி இருக்கும். பரீட்சை வாரத்துல வேண்டாம்.

ஊசியை டாக்டரே பிரிட்ஜ்ல வச்சிருக்கற இடமா பாருங்க. 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய மருந்து இது, உறையவும் கூடாது. மெடிக்கல்ல வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா போடற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் வாங்கி, ஐஸ் பேக் வச்ச டப்பால, ஐஸ் நேரா படாம ஒரு துணி சுத்தி எடுத்துட்டு நேரா கிளினிக் போங்க. முந்தின நாளே வாங்கி வீட்டு பிரிட்ஜ்ல, அதுவும் நம்ம ஊர் கரண்ட் கட்டுல, வச்சிருக்கறது சரிப்படாது. போடறதுக்கு முன்னாடி பேரையும் எக்ஸ்பைரி தேதியையும் காட்டச் சொல்லிப் பாருங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கிட்டா வேற டாக்டர்.

அப்புறம் கை வலி, லேசா வீக்கம், சிவப்பு, தலைவலி, கொஞ்சம் காய்ச்சல் வரலாம், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும், தேவைப்பட்டா வயசுக்கேத்த அளவு பாரசிட்டமால். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்கறது, மூச்சு வாங்கறதுன்னா அது அலர்ஜி, உடனே ஆஸ்பத்திரி, ஆனா அது ரொம்ப அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் அந்த முதல் கொஞ்ச நேரத்துலயே தெரியும், அங்க உக்காரச் சொல்றது அதுக்கும் சேத்துத்தான். ஈஸ்ட் அலர்ஜி இருக்கறவங்க, முதல் டோஸ்ல கடுமையான அலர்ஜி வந்தவங்க இவங்களுக்கு போடக் கூடாது. நல்ல காய்ச்சல் இருந்தா சரியானப்புறம் போடலாம், சாதா சளிக்கெல்லாம் தள்ள வேண்டாம். ஸ்கூல்ல போடற டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியோட அதே நாள்ல இன்னொரு கையில போட்டாலும் பிரச்சனை இல்ல.

ரெண்டாவது ஊசி மறந்து போறதுதான் எல்லா வீட்லயும் நடக்கறது. மே லீவுல முதல் ஊசி போட்டா அடுத்தது நவம்பர், தீபாவளி பக்கம் வரும், ஞாபகம் வச்சுக்க சுலபம். கார்டை போட்டோ எடுத்து அப்பா அம்மா ரெண்டு பேர் போன்லயும் வச்சுக்கங்க, பேட்ச் நம்பர் ஸ்டிக்கர் இருந்தா அதையும் சேத்து. மறந்து பத்து மாசம் ஆயிடுச்சா, ஒரு வருஷம் ஆயிடுச்சா, முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்துல இருந்து போடலாம். சீக்கிரம் போடறதுதான் தப்பு, அஞ்சு மாசத்துக்குள்ள ரெண்டாவதைப் போட்டுட்டா மூணாவது ஒண்ணு தேவைப்படும்.

காலேஜ் பொண்ணுங்க, வேலைக்குப் போறவங்க

18 தாண்டிட்டா நீங்களே முடிவு பண்ணலாம், வீட்ல யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்ல. மகப்பேறு டாக்டர்கிட்டயோ பொது டாக்டர்கிட்டயோ போய் "ஹெச்பிவி ஊசி போடணும்"னு சொன்னா போதும், போடறதுக்கு முன்னாடி எந்த டெஸ்ட்டும் தேவையில்ல. கல்யாணம் ஆயிடுச்சான்னு கேள்வி வரும், சங்கடப்பட ஒண்ணுமில்ல, ஆகியிருந்தாலும் போடலாம். ஏற்கனவே ஒரு வகை வைரஸ் வந்திருந்தாலும் மத்த வகைங்களுக்கு பாதுகாப்பு கிடைக்கும். ஆனா லேட்டாக ஆக பலன் குறையும்ன்றதை மறைக்கக் கூடாது. ஸ்வீடன்ல பத்து லட்சம் பேருக்கு மேல பாத்து 2020ல சொன்னாங்க, 17 வயசுக்கு முன்னாடி போட்டவங்களுக்கு இந்த கேன்சர் 88 சதவீதம் குறைஞ்சுது, 17க்கு மேல 30க்குள்ள போட்டவங்களுக்கு பாதிக்கு கொஞ்சம் மேல. பாதின்றதே பெரிய விஷயம்தான், 26 வயசு வரைக்கும் யோசிக்காம போடுங்க, அதுக்கு மேலன்னா டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

கல்யாணம் நிச்சயம் ஆயிருக்குன்னா இப்பவே ஆரம்பிங்க, தேதியைப் பாத்துட்டு இருக்காதீங்க. நடுவுல கர்ப்பம் ஆயிட்டா மிச்ச ஊசியை குழந்தை பொறந்தப்புறம் போட்டுக்கலாம், ஊசி போட்டுட்டோமேன்னு கர்ப்பத்தைப் பத்திப் பயப்பட வேண்டாம். தாய்ப்பால் குடுக்கும்போதும் போடலாம்.

அப்புறம் அம்மாவுக்கு

ஊசி எல்லா வகையையும் தடுக்காது, அதனால ஊசி போட்ட பொண்ணும் 30 வயசுல இருந்து கர்ப்பப்பை வாய் கேன்சர் டெஸ்ட் பண்ணிக்கணும். ஸ்காட்லாந்துல 12, 13 வயசுலயே முழுசா ஊசி போட்ட பொண்ணுங்கள்ல ஒருத்தருக்குக்கூட இந்த கேன்சர் வரலன்னு 2024ல சொன்னாங்க, அங்கயும் டெஸ்ட்டை விடல.

இப்ப பொண்ணைக் கூட்டிட்டுப் போற அம்மா பெரும்பாலும் 30ல இருந்து 50க்குள்ள இருப்பீங்க, உங்களுக்கு ஊசியை விட டெஸ்ட்தான் முக்கியம். நம்ம அரசு ஆஸ்பத்திரிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இது இலவசம். வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிட்டை தண்ணியாக்கி கர்ப்பப்பை வாய்ல தடவி ஒரு நிமிஷம் பாப்பாங்க, சந்தேகமான இடம் வெள்ளையாத் தெரியும், வலி பெருசா இருக்காது. இந்த எளிய டெஸ்ட்டுக்கு திண்டுக்கல் மாவட்டத்துலயே பெரிய ஆய்வு நடந்திருக்கு, பயிற்சி எடுத்த நர்சுங்களே கிராமம் கிராமமா 30ல இருந்து 59 வயசுப் பெண்களுக்குப் பாத்தாங்க, ஒரே ஒரு தடவை டெஸ்ட் பண்ணினதுலயே இந்த கேன்சரால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2007ல வெளிவந்துச்சு. பீரியட்ஸ் நாள் தவிர எப்ப வேணா போகலாம். பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ல இருந்து செல் எடுத்து லேப்ல பாக்கறது), ஹெச்பிவி டெஸ்ட் (வைரஸ் இருக்கான்னு பாக்கறது) பண்ற ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா அதுவும் நல்லதுதான்.

உறவுக்கு அப்புறம் ரத்தம் படறது, பீரியட்ஸ் நின்னு போனப்புறம் திரும்ப ரத்தம், நாத்தத்தோட வெள்ளைப்படறது இதுல எது இருந்தாலும் ஊசி, முகாம்னு எதுக்கும் காத்திருக்காம அந்த வாரமே டாக்டரைப் பாருங்க.